ரெக்ஸம் நகரின் கால்பந்தாட்டக் கழகம்



ஒரு கழகம் யாருக்குச் சொந்தம்? கேள்வி எளியதாகத் தோன்றும். முதல் போட்டவருக்குச் சொந்தம் என்று சட்டம் கூறும். களத்தில் இறங்கி ஆடுகிறவருக்குச் சொந்தம் என்று விளையாட்டில் ஊறியவர்கள் கூறுவர். வாரந்தோறும் மழையில் நனைந்துகொண்டு நின்று பார்க்கிறவருக்கே சொந்தம் என்று ஊரார் கூறுவர். இந்த மூன்று விடைகளும் ஒன்றோடொன்று மோதிய வரலாறு ஒன்று உண்டு. வேல்ஸ் நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள ரெக்ஸம் என்னும் ஊரின் கால்பந்தாட்டக் கழகத்தினுடைய வரலாறு அது. அதனை நாம் இன்று ஒருவாறு காண்போம்.

வேல்ஸ், பிரிட்டன் தீவின் மேற்குப் புறத்தில் மலையும் பள்ளத்தாக்குமாக அமைந்த சிறு நாடு. பதினாறாம் நூற்றாண்டில் சட்டத்தின் மூலம் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டது. ஆயினும் தனக்கென ஒரு பழைய மொழியும், பாட்டும், மரபும் உடையது. ரெக்ஸம் நகரோ இங்கிலாந்தின் எல்லைக்குச் சில மைல் தொலைவில் இருக்கிறது. நிலத்தின் மேல் வயல்கள். நிலத்தின் கீழ் நிலக்கரி. கரி வெட்டியும், இரும்பு உருக்கியும், தோல் பதனிட்டும், பீர் வடித்தும் பிழைத்த உழைப்பாளர் ஊர் அது. 2022-ஆம் ஆண்டில்தான் அதற்கு மாநகர் என்னும் தகுதி அளிக்கப்பட்டது.

இந்த ஊரில் 1864-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கிரிக்கெட் ஆடி வந்த அன்பர்கள் சிலர் கூடினார்கள். கோடை கழிந்தால் கிரிக்கெட் இல்லை. குளிர்காலத்தில் என்ன செய்வது என்பது அவர்களுடைய கவலை. கால்பந்தாட்டத்துக்கென ஒரு கழகம் தொடங்குவதென்று முடிவு செய்தார்கள். ஒருகாலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த வெளியொன்று அங்கே இருந்தது. பந்தயம் நின்றுபோன பிறகும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆகவே இன்றளவும் அந்த மைதானத்துக்கு ‘ரேஸ்கோர்ஸ்’ என்றே பெயர். அங்கே ஊர்த் தீயணைப்புப் படையினர் ஓர் அணியாகவும் கழகத்தார் ஓர் அணியாகவும் நின்று முதல் ஆட்டத்தை ஆடினார்கள். அந்நாளில் ஆட்ட விதிகள்கூட இன்னும் உறுதிப்படவில்லை. அணிக்குப் பதினொருவர் என்னும் கணக்கும் நிலைபெறவில்லை. அந்த ஆட்டத்தில் பக்கத்துக்குப் பதின்மரே ஆடினார்கள். லண்டனில் கால்பந்துச் சங்கம் தோன்றி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கழகத்தின் பிறந்த ஆண்டையே ஊரார் நெடுங்காலம் மறந்திருந்தார்கள். 1870-களிலேதான் கழகம் தோன்றிற்று என்று எண்ணி, சின்னத்திலும் 1873 என்றே பொறித்து வைத்திருந்தார்கள். பழைய செய்தித்தாள்களை ஆராய்ந்த பின்னரே 1864 என்னும் உண்மை வெளிப்பட்டது. சின்னமும் பிற்பாடு திருத்தப்பட்டது. வேல்ஸ் நாட்டின் கழகங்களுள் மூத்தது இதுவே. உலகில் தொழில்முறையில் ஆடும் கழகங்களுள் மூன்றாவது மூத்த கழகம் என்றும் இதனைக் கூறுவர்.

ரெக்ஸம் தனக்கு மட்டும் ஒரு கழகத்தை அமைத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. வேல்ஸ் நாடு முழுமைக்கும் கால்பந்தாட்டம் பரவிய ஊற்றும் அதுவே ஆயிற்று. அருகிலுள்ள ரூவாபன் என்னும் ஊரில் லெவெலின் கென்ரிக் என்னும் வழக்கறிஞர் இருந்தார். ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு ஆடும்போது வேல்ஸ் ஏன் தனி நாடாக நின்று ஆடக்கூடாது என்பது அவருடைய எண்ணம். 1876-ஆம் ஆண்டில் அவருடைய முயற்சியால் வேல்ஸ் கால்பந்துச் சங்கம் ரெக்ஸம் நகரின் விடுதியொன்றில் உருவாயிற்று. ஆட்டக்காரர்களைப் பத்திரிகை விளம்பரம் செய்து திரட்டினார். தாமே தலைவராக நின்று கிளாஸ்கோ நகரில் ஸ்காட்லாந்தோடு ஆடினார். நான்கு கோல் வாங்கித் தோற்றார்கள். அதனால் உள்ளம் தளரவில்லை. அடுத்த ஆண்டு, 1877 மார்ச் மாதத்தில், அதே ஸ்காட்லாந்து அணி ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்து ஆடியது. அன்றும் வேல்ஸ் தோற்றது. ஆயினும் ஒரு பெருமை நிலைத்தது. நாடுகளுக்கிடையிலான ஆட்டங்கள் இன்றும் நடைபெறும் மைதானங்களுள் உலகிலேயே பழமையானது இதுதான்.

1878-இல் வேல்ஸ் கோப்பைக்கான போட்டி முதன்முறையாக நடந்தது. இறுதியாட்டத்தில் ரூவாபன் ஊரின் ‘ட்ரூயிட்ஸ்’ அணியை ஒரு கோல் கணக்கில் வென்று ரெக்ஸம் முதற் கோப்பையைக் கைக்கொண்டது. பின்னர் அதே கோப்பையை மொத்தம் 23 முறை வென்றது. வேறெந்தக் கழகமும் அத்தனை முறை வென்றதில்லை.

கழகம் வளர்ந்தபோது ஓர் இக்கட்டும் வளர்ந்தது. வேல்ஸ் நாட்டில் ஆட்டத்தின் தரத்துக்கும் வரும்படிக்கும் எல்லை உண்டு. பெரிய கழகங்களும் பெருங்கூட்டமும் இங்கிலாந்தில் இருந்தன. 1921-ஆம் ஆண்டில் ரெக்ஸம் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில், மூன்றாம் பிரிவின் வடக்குப் பகுதியில் சேர்ந்தது. அது முதல் அதற்கு இரண்டு வீட்டு வாழ்வு. பிழைப்பு இங்கிலாந்தின் லீக்கில். பெயரும் பிறப்பும் வேல்ஸ் நாட்டில். பிறந்த மண்ணை விட்டு வேறு மாநிலத்தில் வேலை பார்த்துக்கொண்டு, வீட்டுக்குள்ளே தாய்மொழியைப் பேணி வரும் நேயர்களுக்கு இந்த நிலையை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இனி நாம் சொல்லப்போவது துயரச் செய்தி. ரெக்ஸம் நகருக்கு அருகே கிரெஸ்ஃபர்டு என்னும் இடத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. ஆழம் 2,200 அடிக்கும் மேல். வெப்பமும் வாயுவும் மிகுந்த சுரங்கம் அது. 1934-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், சனிக்கிழமை. அன்று பிற்பகல் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ட்ரான்மியர் ரோவர்ஸ் அணியோடு ரெக்ஸம் ஆடுவதாக இருந்தது. அந்த ஆட்டத்தைப் பார்க்கவேண்டும் என்னும் ஆசையால் தொழிலாளர் பலர் தம் வேலை முறையை மாற்றிக்கொண்டார்கள். சனிக்கிழமை பகலில் இறங்கவேண்டியவர்கள் வெள்ளிக்கிழமை இரவிலேயே இறங்கினார்கள். ஆகவே அன்றிரவு சுரங்கத்தில் வழக்கத்தினும் கூடுதலான ஆட்கள் இருந்தார்கள்.

அதிகாலை இரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் சுரங்கத்தின் ஒரு பகுதி வெடித்துத் தீப்பற்றியது. அப்பகுதியில் இருந்தவர்களுள் உயிரோடு மேலே வந்தவர் அறுவரே. மீட்கச் சென்றவர்களுள்ளும் மூவர் மாண்டனர். தீ அடங்காமையால் மறுநாள் சுரங்கத்தின் வாயை மூடிவிட்டார்கள். மூன்றாம் நாள் மீண்டும் ஒரு வெடிப்பு நேர்ந்து, மேலே நின்ற தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மொத்தம் இறந்தோர் 266 பேர். வெளியே எடுக்கப்பட்ட உடல்கள் மிகச் சிலவே. 250-க்கும் மேற்பட்டோர் இன்றும் அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

விசாரணை நடந்தது. தொழிலாளர் தரப்பில் வாதாடியவர் சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ். ஆம், 1942-இல் தூதுவராக நம் நாட்டுக்கு வந்த அதே கிரிப்ஸ்தான். காற்றோட்டம் போதாமை, வாயு திரண்டமை, மேற்பார்வையில் குறை எனப் பல செய்திகள் விசாரணையில் வெளிவந்தன. எனினும் வழக்கு முடிந்தபோது, பதிவேடுகளைச் சரிவர வைக்கவில்லை என்னும் குற்றத்துக்காக ஒரு சிறு தொகை அபராதம் விதிக்கப்பட்டதோடு நின்றது. டர்ஹாம் பகுதிச் சுரங்கத் தொழிலாளியான ராபர்ட் செயின்ட் என்பவர் அந்த இறந்தோரை நினைந்து ‘கிரெஸ்ஃபர்டு’ என்னும் இசையொன்றை அமைத்தார். அதற்குச் சொற்கள் கிடையா. பித்தளை வாத்தியங்களே பேசும். சுரங்கத் தொழிலாளர் கூடும் இடங்களில் அதனை இன்றும் எழுந்து நின்று கேட்கிறார்கள்.

நேயர்களே, ஓர் ஆட்டத்தைக் காண்பதற்காக முறை மாற்றிக்கொண்டு இறங்கியவர்கள் அவர்கள். கழகத்தில் அவர்களுக்குப் பங்குப் பத்திரம் கிடையாது. அதன் ஆட்சிக் குழுவில் இடமும் கிடையாது. வாரக் கூலியில் நுழைவுச் சீட்டுக்கு எடுத்து வைத்த சில்லறை ஒன்றே அவர்களுக்கும் கழகத்துக்கும் இருந்த கணக்கு. இந்தக் கணக்கை நாம் மறவாதிருப்போமாக. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

போருக்குப் பின் கழகம் ஏறியும் இறங்கியும் நடந்தது. 1957-ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கக் கோப்பைப் போட்டிக்காக மான்செஸ்டர் யுனைட்டெட் அணி ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்தது. அன்று வந்து குழுமியவர் 34,445 பேர். அந்த மைதானத்தில் ஒரு கழக ஆட்டத்துக்கு அத்தனை கூட்டம் முன்னும் பின்னும் கூடியதில்லை. ஐந்து கோல் வாங்கித் தோற்றபோதிலும், அந்த நாளை ஊரார் பெருமையோடுதான் நினைவுகூர்ந்தார்கள். 1978-இல் மூன்றாம் பிரிவில் முதலிடம் பெற்று இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்தது கழகம். நான்கு ஆண்டுகளில் மீண்டும் இறங்கியது.

எல்லையோரத்து வாழ்வுக்கு நன்மையும் உண்டு. அந்நாளில் வேல்ஸ் கோப்பையில் எல்லைக்கு அப்பாலுள்ள ஆங்கிலக் கழகங்களும் ஆடி வந்தன. ஆனால் அவை வென்றாலும் வேல்ஸ் நாட்டின் பெயரால் ஐரோப்பியப் போட்டிக்குச் செல்ல இயலவில்லை. 1984-இல் கோப்பையை வென்றது ஷ்ரூஸ்பரி என்னும் ஆங்கிலக் கழகம். ஆகவே இறுதியாட்டத்தில் தோற்ற ரெக்ஸம் ஐரோப்பாவுக்குச் சென்றது. அப்போது அது இங்கிலாந்து லீக்கின் நான்காம் பிரிவில் இருந்தது. எதிரியோ போர்ச்சுகல் நாட்டின் புகழ் வாய்ந்த போர்ட்டோ. ரெக்ஸத்தில் 1-0 என்று வென்று, போர்ட்டோவில் 3-4 என்று தோற்று, மொத்தத்தில் சமமாகி, எதிரியின் மண்ணில் மிகுதியாகக் கோல் போட்ட காரணத்தால் சிறிய கழகம் முன்னேறியது. அடுத்த சுற்றில் ரோமா அணியிடம் தோற்றது வேறு செய்தி.

1991-இல் கழகம் நான்காம் பிரிவின் கடைசி இடத்தில் கிடந்தது. லீக்கில் இருந்த அனைத்துக் கழகங்களுள்ளும் கடையிடம் அது. அதே ஆண்டில் முதலிடம் பெற்றது லண்டனின் ஆர்சனல். 1992 ஜனவரி 4-ஆம் நாள் கோப்பைப் போட்டியில் இவ்விரண்டும் ரேஸ்கோர்ஸில் சந்தித்தன. ஆர்சனல் முதலில் ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில், 37 வயதான மிக்கி தாமஸ் அடித்த தனி உதை வலைக்குள் பாய்ந்தது. இவர் பல ஆண்டுகளுக்கு முன் இதே கழகத்தில் ஆடத் தொடங்கி, ஊர் ஊராகப் பல கழகங்களில் ஆடித் திரும்பி வந்தவர். அடுத்த சில நிமிடங்களில் ஸ்டீவ் வாட்கின் இரண்டாம் கோலைப் போட்டார். முதல்வனைக் கடையன் வென்ற அந்த நாளை இன்றும் அங்கே பேசுகிறார்கள்.

ஆனால் ஊரின் நிலை மாறிக்கொண்டிருந்தது. கிரெஸ்ஃபர்டு சுரங்கம் 1973-இல் மூடப்பட்டது. மற்றச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேல்ஸ் கோப்பையும் கையை விட்டுப் போயிற்று. வேல்ஸ் நாட்டுக்கெனத் தனி லீக் 1992-இல் தோன்றிய பின், இங்கிலாந்து லீக்கில் ஆடும் கழகங்கள் அக்கோப்பையில் கலந்துகொள்ளும் வாய்ப்பை இழந்தன. 1995-இல் கார்டிஃப் அணியை வென்று பெற்றதே ரெக்ஸத்தின் 23-ஆம் வேல்ஸ் கோப்பை.

இதைவிடப் பெரிய ஆபத்து உள்ளிருந்தே வந்தது. நகரின் நடுவே உள்ள மைதானம் விலை மதிப்புள்ள மனை அல்லவா? 2002-ஆம் ஆண்டில் அதன் உரிமை, கழகத்தின் பெயரில் இல்லாமல், கழகத்தைக் கையில் வைத்திருந்தவரோடு தொடர்புடைய வேறொரு நிறுவனத்தின் பெயருக்குச் சென்றது. 2004-இல் கழகத்தையே மைதானத்திலிருந்து வெளியேறச் சொல்லி அறிவிப்பும் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில், வரிப் பாக்கி முதலான கடன் சுமையால் கழகம் நொடித்து நிருவாகியின் பொறுப்புக்குள் சென்றது. அதற்குத் தண்டனையாக லீக் 10 புள்ளிகளைக் கழித்தது. இவ்வளவு இடரிலும் 2005 ஏப்ரலில் கார்டிஃப் நகரில் கீழ்ப் பிரிவுக் கழகங்களுக்கான கோப்பையை ரெக்ஸம் வென்றது. அன்று கோல் காத்து நின்ற இளைஞர் பென் ஃபாஸ்டர். அவரைப் பின்னர் மீண்டும் காண்போம். மைதான வழக்கிலும் நீதிமன்றம் கழகத்தின் பக்கமே தீர்ப்பு வழங்கியது. ஆயினும் சரிவு நிற்கவில்லை. 2008-இல், 87 ஆண்டுகளுக்குப் பிறகு, ரெக்ஸம் கால்பந்து லீக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டது.

2011 ஆகஸ்டு மாதத்தில் முடிவு நெருங்கிற்று. ஆட்டப் பருவம் தொடங்குமுன் 2,50,000 பவுன் ஈடு காட்டவேண்டும். இல்லையேல் ஆட இடமில்லை என்று போட்டியை நடத்துவோர் அறிவித்தனர். செய்தி பரவியதும் ஊரார் மைதானத்துக்குத் திரண்டார்கள். ஒரே நாளில் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் குவிந்தது. திருமணத்துக்குச் சேர்த்து வைத்த பணத்தைக் கொடுத்தவர்களும் உண்டு. வீட்டுப் பத்திரத்தையே கொண்டுவந்து நீட்டியவரும் உண்டு என்று அந்நாளைய செய்திகள் கூறும். கழகம் பிழைத்தது. அவ்வாண்டின் இறுதியில் ரசிகர்களின் அறக்கட்டளையே கழகத்தை ஏற்றது. மைதானத்தை ரெக்ஸம் நகரின் பல்கலைக்கழகம் வாங்கிக் காத்தது.

சந்தா செலுத்தும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரே ஒரு வாக்கு. அயலூரில் தமிழ்ச் சங்கம் கண்டு, வீடு வீடாகச் சந்தா தண்டி, கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் படித்துக் காட்டிப் பழகியோர் இந்த ஏற்பாட்டின் பெருமையையும் உணர்வர், தொல்லையையும் உணர்வர். அறக்கட்டளை கடனை அடைத்தது, சிக்கனமாக நடத்தியது. 2013-இல் வெம்பிளி அரங்கில் ஒரு கோப்பையும் கிட்டியது. ஆனால் லீக்குக்குள் திரும்புவதற்கு வேண்டிய பணம் மட்டும் சேரவில்லை. ஒன்பது ஆண்டுகள் கதவைத் தட்டியும் கதவு திறக்கவில்லை.

2020-ஆம் ஆண்டில் நடிகர்களான ரயன் ரெனால்ட்ஸ், ராப் மெக்கெல்ஹென்னி என்னும் இருவர் முன்வந்தனர். முன்னவர் கனடா நாட்டில் பிறந்தவர், பின்னவர் அமெரிக்கர். கழகத்தை எங்களிடம் தாருங்கள், 20 லட்சம் பவுன் முதலிடுகிறோம் என்றனர். கழகத்தை வேறிடத்துக்கு மாற்றுவதில்லை, பெயரை மாற்றுவதில்லை என்றும் வாக்களித்தனர். தாமே மீட்டு, தாமே வளர்த்த ஒன்றைத் தாமே கைமாற்ற வேண்டுமா? உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். சம்மதம் 1,809, மறுப்பு 26. 2021 பிப்ரவரியில் கழகம் கைமாறியது. 2022-இல் மைதானத்தின் உரிமையும் கழகத்துக்கே மீண்டது.

பின்னர் நிகழ்ந்ததைத் தொலைக்காட்சித் தொடரின் வாயிலாக உலகம் அறியும். 2023 ஏப்ரலில், மிகப் பழைய கழகமான நாட்ஸ் கவுண்டியும் ரெக்ஸமும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டன. ஆட்டத்தின் இறுதிக் கணத்தில் எதிரிக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. அதனைத் தடுத்து வெற்றியைக் காத்தவர் பென் ஃபாஸ்டர். 2005-இல் நின்ற அதே காவலர், இப்போது 40 வயதில், ஓய்விலிருந்து திரும்பி வந்தவர். அப்பருவத்தில் ரெக்ஸம் 111 புள்ளிகள் பெற்று, 15 ஆண்டுகளுக்குப் பின் லீக்குக்குள் நுழைந்தது. பயிற்சியாளர் ஃபில் பார்கின்சனின் கீழ் 2024-இலும், 2025-இலும் மேலும் இரண்டு படிகள் ஏறியது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மூன்று பிரிவுகள் ஏறிய கழகம் இங்கிலாந்து லீக் அமைப்பின் மேல் ஐந்து பிரிவுகளில் அதற்கு முன் எதுவும் இல்லை.

இந்த ஏற்றத்துக்குப் பணம் காரணமா? ஐயமில்லை, பணம் பெருங்காரணம். அதனை மறைப்பது நேர்மையாகாது. பணத்தை நம்பி ஏறிய கழகம் பணம் விலகினால் என்னாகும் என்னும் அச்சமும் நியாயமானதே. ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். 2011 ஆகஸ்டில் அந்த ஊரார் வீட்டில் இருந்திருந்தால், 2020-இல் வாங்குவதற்குக் கழகம் என்று ஒன்று இருந்திராது. மைதானத்தில் வீடுகளும் கடைகளும் எழுந்திருக்கும். செல்வர் வந்து விளக்கேற்றினார்கள் என்பது மெய். அந்த விளக்கு அணையாமல், காற்றுக்குக் கை மறைத்து நின்றவர்கள் ஊரார்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். பத்திரத்தின்படி கழகம் இன்று முதலாளிகளுக்குச் சொந்தம். அந்தப் பத்திரத்தைக் கொடுத்தவர்களோ சந்தா செலுத்திய ஊரார். இடம் மாறாது, பெயர் மாறாது என்னும் வாக்குறுதியைப் பெற்றுக்கொண்டே கொடுத்தார்கள். அவர்களுள் பலருடைய பாட்டனார்கள் சுரங்கத்தில் உழைத்தவர்கள். கிரெஸ்ஃபர்டில் 1982-இல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். தொழிலாளரை இறக்கவும் ஏற்றவும் சுரங்க வாயிலில் சுழன்ற இரும்புச் சக்கரமே அங்கு நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருவதற்காக முறை மாற்றி இறங்கியவர்கள் வந்து சேரவில்லை. அவர்கள் காண விரும்பிய அதே மைதானத்தில், அதே பெயரில், அதே கழகம் இன்றும் ஆடுகிறது. அதைக் காத்துக் கொடுத்தவர்கள், அவர்களுக்குப் பட்ட கடனில் ஒரு பகுதியையேனும் தீர்த்தவர்கள் என்று நாம் சொல்லலாம்.